பூட்டுக்கு அடுத்த படம்

பூட்டு சாரின் கட்டைவிரலைக் கைப்பேசி ஏற்றுக்கொள்வதே இல்லை. வாழ்நாள் முழுக்கக் கம்பி உரித்து, திருகாணி திருகி, சூடு ஆறாத மோட்டாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அந்த விரல் காய்த்துப் போயிருந்தது. கண்ணாடித் திரையில் அவர் எவ்வளவு தேய்த்தாலும் படம் அசையாது. அசைந்தால் ஒரேயடியாக நாலைந்து படம் தாண்டிப் போய் நிற்கும். "பாரு, என்னை ஒரு மனுஷனாவே மதிக்க மாட்டேங்குது," என்று போனை மனைவியிடம் நீட்டுவார். அப்படி நீட்டியதில்தான் அந்த அம்மாளுக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது.

வேலை என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பூட்டு சார் ஆலை ஆலையாகப் போய் வகுப்பு எடுப்பவர். மிஷினுக்குள் கையை விடுவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் பாடம். எந்த ஆலைக்குப் போனாலும் கையில் ஒரு சிவப்புப் பூட்டோடு நிற்பார், அதனால் பூட்டு சார். அவர் முன்னால் நின்று பேச, கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மனைவி சுவரில் விழும் படத்தை மாற்றுவாள். அவளை எல்லோரும் படக்காரம்மா என்பார்கள்.

முன்பெல்லாம் மடிக்கணினி ஒன்றைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள். அது ஒரு மழையில் நனைந்து உயிரை விட்டதும், கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற மகள் எல்லாப் படங்களையும் அப்பாவின் போனுக்குள் ஏற்றிக் கொடுத்தாள். அந்தப் போனை ஒரு குட்டிக் கேபிளால் புரொஜெக்டரோடு சேர்த்துவிட வேண்டும். அம்மாவின் போன் அதற்கு ரிமோட். மடியில் வைத்துக்கொண்டு விரலால் ஒரு தள்ளு தள்ளினால் அங்கே சுவரில் படம் மாறும்.

"அப்பா பேசுவார், அம்மா படம் காட்டுவா. நல்ல ஜோடிதான்," என்று மகள் கேலி செய்வாள்.

"படம் காட்டுறதெல்லாம் உங்கப்பாடி. நான் நகத்திவிடுறவ, அவ்வளவுதான்."

'அடுத்த படம்' என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை. எந்தச் சொல்லில் நிறுத்துவார், எங்கே மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் ஒரு நகைச்சுவையை அவிழ்த்துவிடுவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சில நாள் அவருக்குக் குஷி வந்துவிட்டால் நடுவில் இருப்பதை முன்னால் சொல்லுவார். அவளும் சளைக்காமல் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்துவாள். அவர் வாய் ஒன்று சொல்ல, சுவர் வேறொன்று காட்டக் கூடாது. அது அவளுக்கு மானப் பிரச்சினை.

அந்தப் படங்களில் ஒரு எழுத்து கிடையாது, ஒரு எண் கிடையாது. எல்லாம் அவரே எடுத்த போட்டோக்கள். "ஒண்ணு, ரெண்டுன்னு நம்பராவது போடுவோம்ப்பா," என்று மகள் கெஞ்சியிருக்கிறாள்.

"நம்பர் போட்டா நம்பரைப் படிச்சிட்டு மிஷினைப் பார்க்க மாட்டாங்க. ஆளுக்கொரு பாஷை பேசுறவங்க வேலை செய்யிற இடம் அது. படத்தைப் பார்க்கட்டும், நான் பேசுறதைக் கேக்கட்டும், போதும்."

படங்களை யாருக்கும் கொடுக்கவும் மாட்டார். எத்தனையோ மேனேஜர்கள் நயமாகக் கேட்டுப் பார்த்தார்கள். "படம் வேணும்னா ஆளைக் கூப்பிடுங்க. ரெண்டும் சேர்ந்துதான் வரும்," என்று சிரித்தே மறுத்துவிடுவார். இந்த விஷயத்தில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வகுப்புக்கு வருகிற தொழிலாளர்கள் என்ன செய்வார்கள், தங்கள் போனைத் தூக்கிப் பிடித்துச் சுவரில் விழுகிற படத்தையே படம் பிடித்துக்கொள்வார்கள். அதை அவர் கண்டுகொள்வதில்லை.

பாடத்தில் அவர் குரல் உயர்கிற இடம் ஒன்று உண்டு. "மிஷினை நிறுத்தியாச்சு. மெயின் சுவிட்சை அணைச்சாச்சு. அது மேல உன் பூட்டைப் போட்டு சாவியைப் பையில வெச்சாச்சு. இப்ப கையை உள்ள விடலாமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். பாதிப் பேர் தலையாட்டுவார்கள். அதற்காகத்தான் காத்திருந்தவர் போலக் கத்துவார். "கூடாது! முதல்ல ஓடுற பட்டனை அமுக்கிப் பாரு. ஓடலையா, நீ பூட்டினது சரியான சுவிட்ச். ஓடிச்சா, பக்கத்து மிஷினோட சுவிட்சைப் பூட்டிட்டு நிக்கிறே. பட்டனை அமுக்கிப் பார்த்தப்புறம்தான் கை. அதுக்கு முன்னால உன் முதலாளியே வந்து சொன்னாலும் கையை விடாதே." பூட்டு, பட்டன், கை. இந்த வரிசையில் மூன்று போட்டோக்களும் சுவரில் வந்து போகும். பத்து விரலோடு வீடு திரும்புவதற்கான வழி அந்த வரிசையில்தான் இருந்தது.

அந்த வரிசைதான் அவருக்குள் கழன்று போகத் தொடங்கியது.

முதலில் தேநீரில் தெரிந்தது. கொதிக்காத தண்ணீரில் பாலை ஊற்றி, சர்க்கரையைப் போட்டு, தேயிலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை எப்போது போடுவது என்று அடுப்பையே பார்த்தபடி நின்றார். இன்னொரு நாள் சட்டையைப் போட்டு அதன்மேல் பனியனைப் போட்டுக்கொண்டு வந்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். படக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகள் அன்று மாலையே சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருத்துவரிடம் நாள் கேட்டாள்.

மருத்துவர் பட்டும் படாமலும்தான் சொன்னார். பழைய விஷயங்கள் இருக்கும், புதியவை நிற்காது. எதற்குப் பின் எது என்பது குழம்பும். மெல்ல மெல்லத்தான் போகும், ஆனால் போய்க்கொண்டேதான் இருக்கும். பூட்டு சார் அதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும், "நல்ல டாக்டர். மருந்து அதிகமா எழுதலை," என்றார்.

"வகுப்பை நிறுத்திடலாம்மா," என்றாள் மகள், அப்பா குளிக்கிற நேரம் பார்த்து.

"நிறுத்தினா?"

"நிறுத்தினா வீட்ல இருப்பார்."

"வீட்ல இருந்து என்னடி பண்ணுவார்? செவுத்தைப் பார்த்துட்டு உக்காந்திருப்பார். அந்த மனுஷனுக்கு முன்னால நாலு பேர் உக்காந்து தலையாட்டணும், அப்பத்தான் சோறு இறங்கும்."

"ஏதாவது தப்பாச் சொல்லிட்டார்னா?"

"நான் எதுக்கு இருக்கேன்? படம் என் கையிலதானே இருக்கு. அவர் எங்க மறந்தாலும் அடுத்த படத்தைப் போட்டா, அதைப் பார்த்துப் பிடிச்சுக்குவார்."

அது பொய்யும் இல்லை. அதற்குப் பின் போன வகுப்புகளில் எல்லாம் படம்தான் அவரை நடத்திக்கொண்டு போனது. பேச்சு எங்கேயாவது அறுந்து, அவர் கண் சுவருக்குப் போகும். அங்கே படம் தயாராக நிற்கும். "ஆங்" என்று தொடருவார். கைதட்டல் முன்னைவிடக் குறையவில்லை. கடைசி நாற்காலியில் அவளுக்கு மட்டும் வியர்த்துக் கொட்டும். வீடு திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரமாகத் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போவாள். பக்கத்தில் அவர், அன்றைக்கு யார் யார் என்ன கேள்வி கேட்டார்கள் என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வருவார்.

பிஸ்கட் ஆலையில் வகுப்பு நடந்த நாள் நல்ல மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பேசுகிறவர் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். சர்க்கரையும் வெண்ணெயும் வேகும் வாசனை சட்டைக்குள்ளெல்லாம் புகுந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் அன்று அதிகம். தலையில் வலைத்தொப்பியும் கையில் போனுமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரியாக வந்திருந்த பெண்ணும் வேலைக்குப் புதுசு.

பூட்டு சார் நன்றாகத்தான் ஆரம்பித்தார். சுவிட்சை அணைத்தார், பூட்டைப் போட்டார், சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக் காட்டினார். மழை ஒரு சாத்துச் சாத்தியது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி, "பூட்டியாச்சா? இப்ப கையை உள்ள விடு. ஒட்டியிருக்கிற மாவை வழி," என்றார்.

படக்காரம்மாவின் விரல் தள்ளியது. பட்டன் படத்தைத் தாண்டிக் கைப் படத்தில் போய் நின்றது.

"அப்புறம் ஓடுற பட்டனை அமுக்கிப் பாரு. ஓடக்கூடாது."

விரல் மறுபடி தள்ளியது. பட்டன் படம் வந்தது. வரிசை வரிசையாகப் போன்கள் உயர்ந்து, அந்தப் படங்களை வந்த கிரமத்தில் பிடித்துக்கொண்டன.

தான் என்ன செய்தோம் என்பது அடுத்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்று, 'இருங்க, மாறிப் போச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் அதற்குள் முகம் மலர அடுத்ததற்குப் போய்விட்டார். எல்லோர் முன்னாலும் அவரை எப்படி நிறுத்துவது? முடிந்த பிறகு அந்த அதிகாரிப் பெண்ணிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். முடிந்த பிறகு அந்தப் பெண் ஓடி வந்து, "சார், இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததே இல்லை," என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் கண் கலங்கிப் போனார். உடைந்த பிஸ்கட்டுகள் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே, யார் போய் அப்படிச் செய்யப் போகிறார்கள் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

சில நாள் கழித்து அந்த அதிகாரிப் பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தபோது அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சாரை இன்னொரு தடவை கூட்டிட்டு வர முடியுமா? எல்லா ஷிஃப்டும் வகுப்புல உக்காரணும்னு மேலிடத்துல சொல்றாங்க. இங்க ஒரு விபத்து ஆயிடுச்சு."

"யாருக்கு?"

"மாவு பிசையிற மிஷின்ல வேலை பார்க்கிற பொண்ணு. புதுசு. பக்கத்து மிஷினோட சுவிட்சைப் பூட்டிட்டு, தன் மிஷின்ல கையை விட்டுட்டா. மூணு விரல் போயிடுச்சும்மா."

ஈரத் துணி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "பட்டனை அமுக்கிப் பார்க்கலையா?" என்று கேட்டாள்.

"அமுக்கியிருக்காங்க. அவ கை உள்ள இருக்கும்போது கூட இருந்த பொண்ணு அமுக்கியிருக்கா. ஏன் அப்படிப் பண்ணாங்கன்னே புரியலை. சார் அவ்வளவு தெளிவாச் சொல்லிக் கொடுத்தும் கவனக்குறைவுன்னா என்ன பண்றது? வேலையை விட்டு எடுத்துடுவாங்கன்னுதான் பேசிக்கிறாங்க."

மாலையில் மகள் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே."

"அம்மா, நான் கேட்டது வேற. அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு அந்த ஆலைக்குப் போனதே அரைகுறையாத்தான் ஞாபகம்."

மகள் அப்போதுதான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு, "சொன்னா அப்பா பேர் போயிடும். இத்தனை வருஷம் சம்பாதிச்ச பேர். இனிமே ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. அதோட, தன்னால ஒரு பொண்ணுக்குக் கை போச்சுன்னு தெரிஞ்சா அவர் தாங்க மாட்டார்," என்றாள்.

"தெரியுது."

"இந்த ஒரு தடவை போய் ஒழுங்கா நடத்திட்டு வந்துடுங்க. அதுக்கப்புறம் உடம்பு சரியில்லைன்னு சொல்லி நிறுத்திக்கலாம். அந்தப் பொண்ணுக்கு நம்மால முடிஞ்சதை வேற வழியில செய்வோம்."

"விரலை எந்த வழியிலடி செய்வே?"

மகள் அழுதுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பெற்றவனைக் காப்பாற்ற நினைத்தாள், அதில் என்ன குற்றம்.

மறுபடி பிஸ்கட் ஆலைக்குப் போன அன்றும் வானம் மூடிக்கொண்டுதான் இருந்தது. இப்படி ஒரு விபத்து நடந்திருக்கிறது என்று மட்டும் படக்காரம்மா பேருந்தில் அவரிடம் சொல்லியிருந்தாள். கூடத்துக்குப் போகும் வழியில் மாவு பிசையும் பகுதியைக் கடக்க வேண்டும். பெரிய அண்டா போன்ற இரண்டு மிஷின்கள் அக்கம்பக்கமாக நின்றன. ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, மற்றொன்றைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். சுவரில் இரண்டு சுவிட்சுப் பெட்டிகள், ஒரே மாதிரி, ஒரே உயரம். அவற்றுக்கு மேலே போட்டோக்களை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

படக்காரம்மா நின்றுவிட்டாள். எந்தத் தொழிலாளியோ போனில் பிடித்த அதே படங்கள். ஒன்றின் ஓரத்தில் பூட்டு சாரின் தோள்கூட விழுந்திருந்தது. பூட்டு. கை. பட்டன்.

"சாரோட படங்கதான்," என்றாள் அதிகாரிப் பெண் கொஞ்சம் வெட்கத்தோடு. "கேட்டா தர மாட்டாருன்னு சொன்னாங்க. போன வகுப்பு முடிஞ்ச மறுநாளே, போன்ல எடுத்தவங்ககிட்ட வாங்கி ஒட்டிட்டோம். கோவிச்சுக்காதீங்க."

கயிறு கட்டிய மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அவங்கதான் பட்டனை அமுக்கினவங்க," என்று அதிகாரி மெதுவாகச் சொன்னாள்.

பூட்டு சார் காதிலும் அது விழுந்துவிட்டது. விறுவிறுவென்று அந்தப் பெண் முன்னால் போய் நின்றார். "ஏம்மா, கை உள்ள இருக்கும்போது எவளாவது பட்டனை அமுக்குவாளா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! பூட்டினதும் அமுக்கிப் பார்த்திருந்தா அந்தப் பொண்ணு விரல் போயிருக்குமா?"

அந்தப் பெண் நிமிரவில்லை. "படத்துல இருக்கிற மாதிரிதான் சார் செஞ்சோம்," என்றாள்.

"படத்துல அப்படியா இருக்கு? என்கிட்டயே சொல்றியா?"

"வாங்க, நேரமாகுது," என்று படக்காரம்மா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கூடம் நிறைந்திருந்தது. மேனேஜர்கள்கூட முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கேபிளைச் செருகினாள், கடைசி வரிசைக்குப் போனாள், போனை மடியில் வைத்தாள்.

அன்று பூட்டு சார் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். பல மாதமாக அவரிடம் காணாமல் போயிருந்த பழைய ஆள் எங்கிருந்தோ திரும்பி வந்து நின்றான். ஒரு சொல் தடுமாறவில்லை. கண் ஒரு தடவைகூடச் சுவரைத் தேடவில்லை. கோபம் ஒரு பக்கம், வருத்தம் ஒரு பக்கம், இரண்டும் அவரை நிமிர்த்தி வைத்திருந்தன. மிஷினை நிறுத்தினார், சுவிட்சை அணைத்தார், பூட்டைப் போட்டார், சாவியைப் பையில் போட்டுத் தட்டினார்.

"இப்ப கையை உள்ள விடலாமா?" என்று கேட்டு நிறுத்தினார். இந்த முறை ஒரு தலையும் ஆடவில்லை. "கூடாது! ஓடுற பட்டனை அமுக்கிப் பாரு. அப்புறம்தான் கை!"

முன்வரிசையிலிருந்த மேனேஜர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்ல முடியும்? கேக்காதவங்களை என்ன பண்றது?" என்றார். அவர் மெல்லத்தான் சொன்னார், ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது. சுவரோரம் நின்றிருந்த, பட்டனை அமுக்கிய அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுவரில் பூட்டுப் படம் அப்படியே நின்றது.

பூட்டு சார் பட்டன் படத்துக்காகக் காத்திருந்தார். ஒரு விரல் தள்ளினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அவர் சரியாகச் சொன்னார் என்பதற்கு அத்தனை பேர் சாட்சி. இனி வாழ்நாள் முழுக்க யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அவளுடைய விரல் கண்ணாடிக்கு மேலேயே நின்றது.

"நகத்தும்மா," என்றார் அவர். அப்படி ஒரு வார்த்தையை வகுப்பில் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள்.

"போன தடவை இதுக்கு அடுத்ததா நான் பட்டன் படத்தைப் போடலை," என்றாள். "கைப் படத்தைப் போட்டேன். அதுக்கப்புறம்தான் பட்டன் படத்தைப் போட்டேன். நீங்க அதைத்தான் போன்ல எடுத்தீங்க. அதைத்தான் அங்க ஒட்டியிருக்கீங்க. அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரும் படத்துல இருக்கிற மாதிரிதான் செஞ்சிருக்காங்க."

பூட்டு சாருக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"நீ ஏன் அப்படிப் போட்டே?"

"நீங்க அப்படிச் சொன்னீங்க."

"நானா? கையை விட்டுட்டுப் பட்டனை அமுக்குன்னா?"

"ஆமாங்க."

"நான் அப்படிச் சொல்வேனாடி? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட நான் அப்படிச் சொல்வேனா?"

"சொன்னீங்க," என்றாள் அவள். "உங்களுக்கு உடம்பு சரியில்லைங்க. எதுக்கு அப்புறம் எதுன்னு உங்களுக்கு மாறிப்போகுது. டாக்டர் சொல்லியிருக்கார். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தேன்."

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அதிகாரிப் பெண் எழுந்து வெளியே ஓடி, சுவரில் ஒட்டியிருந்த படங்களை வரிசை மாறாமல் உறையோடு பிய்த்துக்கொண்டு வந்தாள். பூட்டு சார் அவற்றை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஓரத்தில் தெரிந்த தோளைக் காய்த்துப்போன விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, அத்தனை பேரையும் தாண்டி, கடைசி வரிசையைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"நான் தப்பாச் சொன்னேன், சரி. தப்புன்னு உனக்குத் தெரியுமே. அப்புறம் ஏன் நகத்தினே?"

இவ்வளவு வருஷமாக அவர் வாயையும் சுவரையும் ஒன்றாகவே வைத்திருந்தேன், அதனால் நகர்த்தினேன் என்று சொன்னால் அது ஒரு பதிலாகுமா? "பழகிப் போச்சுங்க," என்று மட்டும் சொன்னாள்.

சுவரோரம் நின்றிருந்த பெண் ஓரடி முன்னால் வந்தாள். "அப்ப... அவ மேல தப்பில்லைதானே சார்?" என்று கேட்டாள். இத்தனை நாள் அந்தக் கேள்வியைத் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தவள் அவள். "வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அழறா சார்."

"இல்லைம்மா," என்றார் பூட்டு சார். "சுவிட்சு மாறிப்போறது எல்லாருக்கும் நடக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் பட்டனே. அதை நான்தான் அவகிட்டேருந்து பிடுங்கிட்டேன். அவ மேல தப்பில்லை. உன் மேலயும் இல்லை. நான் உன்னைத் திட்டினேன் பாரு, அது எனக்குச் சேர வேண்டியது." அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"விசாரணையில வந்து இதைச் சொல்லணும்," என்றார் மேனேஜர், கட்டியிருந்த கையைப் பிரித்து.

"சொல்றேன்," என்றாள் படக்காரம்மா. "எத்தனை தடவை வேணும்னாலும் வந்து சொல்றேன்."

பூட்டு சார் பக்கத்திலிருந்த மேஜையில் பூட்டை வைத்தார். முன்வரிசைக்குப் பின்னால், தொழிலாளர்களுக்கு நடுவில், காலியாக இருந்த ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவன் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"மிச்சத்தை நீ சொல்லு," என்றார்.

அவளுக்குப் பேச்சு வராது. ஆனாலும் முன்னால் வந்தாள். போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, ஒரு படத்தைத் தள்ளுவதும் திரும்பிச் சுவரைப் பார்ப்பதுமாகத் திக்கித் திக்கிச் சொன்னாள். நகைச்சுவை இல்லை, குரல் ஏற்றம் இல்லை. பூட்டு, பட்டன், கை என்று மறுபடி மறுபடி சொன்னாள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

வெளியே வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேருந்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் தூங்கவில்லை.

மறுநாள் காலை மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. அவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். மகள் வேலைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது.

"அந்த பிஸ்கட் கம்பெனிப் பொண்ணுக்குக் கை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் கட்டுப் பிரிக்கலையாம். சாயங்காலம் போய்ப் பார்ப்போம்."

"சின்னப் பொண்ணு, பாவம்." ரொட்டியைக் கீழே வைத்தார். கண்கள் நிறைந்துவிட்டன. "பட்டனை அமுக்கிப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே கையை விடச் சொல்லி, அந்தப் புள்ளைக்கு எந்தப் படுபாவி சொல்லிக் கொடுத்தான்?"

வாசலில் மகள் செருப்போடு அப்படியே நின்றாள். அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

படக்காரம்மா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாமதாங்க," என்றாள். "பதறாம கேளுங்க. முதல்ல இருந்து சொல்றேன்."